ராட்டினம் எந்தப் பக்கம் சுத்துது

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்தப் பைய நான் மடியில வச்சுக்கிறேன். உள்ள தேங்கா பழம் இருக்கு, பட்டுப்பாவாடை இருக்கு, நசுங்கிறக் கூடாது.

கண்டக்டர் என்னையப் பாத்துச் சிரிச்சத நீங்களும் பாத்துட்டீக. பரவாயில்ல. கருக்கம்பட்டியில ஏறி, கருக்கம்பட்டிக்கே ஒரு டிக்கெட்டுன்னு கேட்டா யாருக்கும் சிரிப்புத்தான் வரும். நான் ஏறுனது கருக்கம்பட்டி தெற்குத்தெரு. எறங்கப் போறது கருக்கம்பட்டி வடக்குத்தெரு. நடந்தா இருநூறு எட்டு. நடுவுல ஒரு பொட்டல், அவ்வளவுதான். ஒரு பீடி அணையிறதுக்குள்ள போயிறலாம். ஆனா நான் இந்த மினி பஸ்ஸுல ஆறு ஊரு சுத்தி, முக்கா மணி நேரம் கழிச்சுத்தான் போறேன். ஏன்னா அந்தப் பொட்டல மிதிக்க மாட்டேன்னு அம்மன் சன்னதியில சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன். ஒம்பது வருசம் ஆச்சு.

காலையில எட்டு மணிக்கும் ஒரு ட்ரிப்பு இருக்கு. அது மேட்டுக்கடை போயி, இடமாச் சுத்தி வரும். அதுல ஏற மாட்டேன். இது சாயங்கால ட்ரிப்பு, வலமா வரும். நல்ல காரியத்துக்குப் போகையில இதெல்லாம் பாக்கணும். நீங்க பாக்க மாட்டீகளா? சரி, படிச்ச பிள்ளைக.

எம்பேரு வெயிலுமுத்து. தெற்குத்தெரு முக்குல சைக்கிள் கடை வச்சிருக்கேன். முப்பது வருசமா வீலுக்குப் பெண்டு எடுக்கிறேன். ஒரு வீலச் சுத்த விட்டுட்டுப் பாத்தாலே போதும், எந்தக் கம்பி லூசா இருக்குன்னு சொல்லிருவேன். எதுக்குச் சொல்றேன்னா, சுத்துறதப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. ஆனா எடுத்தாய்ங்க தம்பி. ஊரே சேந்து எடுத்துச்சு. எந்தங்கச்சியே எடுத்தா.

எல்லாம் அந்த ராட்டினத்தால வந்தது. இப்ப ஜெயன்ட் வீலுன்னு போர்டு போடுறாய்ங்க. எங்களுக்கு ராட்டினம்தான். எங்க ஊரு பங்குனிப் பொங்கலுக்கு அந்தப் பொட்டலுக்கு ராட்டினம் வராத வருசமே கெடையாது. அதாவது, அந்த வருசம் வரைக்கும் கெடையாது. மொத மொதல்ல வந்தது மரத்துல செஞ்சது. நாலே நாலு பொட்டி. சவரிமுத்துன்னு ஒருத்தர், அவுக அப்பா கொண்டாந்தது. மூணு பேரு கையால தள்ளிச் சுத்துவாக. கை வலிக்கும்ல, அதனால பத்துச் சுத்து இப்பிடி, பத்துச் சுத்து அப்பிடி. யாரும் ஒண்ணும் கேக்கல. கேக்குறதுக்கு என்ன இருக்கு?

அப்புறம் பழைய ஜீப்பு எஞ்சினு ஒண்ண மாட்டிக் கொண்டாந்தாக. இரும்புச் சட்டம், எட்டுப் பொட்டி. அது சுத்துன நேரத்த விட நின்ன நேரந்தான் அதிகம். மேல பொட்டியில மாட்டுன ஆளுக்குக் கயித்துல கட்டிச் சோறு அனுப்பிருக்கோம். விளையாட்டுக்குச் சொல்லல. எங்க சின்னய்யா ஒருத்தரு ரெண்டு வேளச் சோறு மேலயே தின்னுட்டு எறங்குனாரு. ரெண்டாவது வேளைக்கு ஊறுகா கேட்டாரு.

அதுக்கப்புறம் சவரிமுத்து தலையெடுத்து, கரண்டு மோட்டாரு வச்சு, பதினாறு பொட்டி, சுத்திலும் டியூப்லைட்டு. அப்பா! அந்த ராட்டினத்துக்கு மொத வருசம் பேரிங்குல கிரீசு வச்சது யாரு? நான். மூணு நாளு கடையப் பூட்டிட்டு அவருகூட நின்னேன். அது ஊருல யாருக்கும் ஞாபகம் இல்ல.

எங்க ஊருல ஒரு வழக்கம். ராட்டினம் மொதச் சுத்து சுத்துறப்பத் திருவிழாக் கமிட்டித் தலைவருதான் மொதப் பொட்டியில உக்காரணும். மடியில ஒரு தேங்கா, கையில ஒரு எலுமிச்சம்பழம். கொட்டு அடிப்பாக. ஒரு சுத்து முடிஞ்சு எறங்கித் தேங்காய ஒடச்சாத்தான் மத்த ஆளுக ஏறலாம். பன்னெண்டு வருசம் நான்தான் தலைவரு. பன்னெண்டு வருசம் நான்தான் மொதப் பொட்டி. ஜீப்பு எஞ்சினு காலத்துல தேங்காயோட மூணு மணி நேரம் மேலயே உக்காந்திருக்கேன். மரியாதைக்காகப் பொறுத்துக்கிட்டேன்.

பதிமூணாவது வருசம் கூட்டம் போட்டாக. வேற ஆளுக்கும் குடுத்துப் பாப்பமேன்னு எவனோ சொன்னான். கை தூக்கச் சொன்னாக. எங்க தெருவுலயே நாலு பேரு கை எனக்குத் தூக்கல. யாருன்னு தெரியும். அவய்ங்க சைக்கிளுக்கு நான் இன்னைக்கு வரைக்கும் காத்து அடிக்கிறதில்ல. தலைவரா வந்தது எங்க மச்சான் சோலையப்பன். எந்தங்கச்சி சீனியம்மா வீட்டுக்காரரு. வடக்குத்தெரு, அரிசி மில்லு வச்சிருக்காரு. நல்ல மனுசன். நான் ஒரு குத்தம் சொல்ல மாட்டேன். எனக்கு அதுல வருத்தமும் இல்ல. அதுக்கும் நான் சொல்லப் போறதுக்கும் சம்பந்தமே இல்ல, தம்பி. அத மட்டும் மனசுல வச்சுக்கங்க.

பங்குனி அஞ்சாந்தேதி மொதச் சுத்து. மச்சான் பொட்டியில ஏறி உக்காந்தாரு. அவருக்கு உசரம்னாலே ஆகாது, மாடிப்படி ஏறுனாத் தலை சுத்தும். கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, தேங்காயக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கொட்டு அடிச்சாக. ராட்டினம் கெளம்புச்சு. நான் எங்க தெருப்பக்கம் கூட்டத்தோட கூட்டமா நின்னுக்கிட்டிருந்தேன். நல்லாக் கவனிங்க, பன்னெண்டு வருசமா நான் உள்ள உக்காந்து இருந்திருக்கேன். அன்னைக்குத்தான் மொதத் தடவையா வெளிய நின்னு பாக்குறேன்.

பாத்தா, ராட்டினம் இடமாச் சுத்துது!

கடிகாரம் எப்பிடிச் சுத்தும்? கோயில நாம எப்பிடிச் சுத்துறோம்? அதுக்கு நேர் எதிரா. எழவு வீட்டுல கொள்ளிக்குடம் தூக்கிக்கிட்டுச் சுத்துவாகல்ல, அந்த மாதிரி. அம்மன் கோயிலு வாசல்ல, பொங்கல் அன்னைக்கு, எங்க தெருவப் பாத்து இடமாச் சுத்துது. எனக்குப் பதறிருச்சு. "சவரிமுத்து, நிப்பாட்டு!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அவரு பயந்து நிப்பாட்டிட்டாரு. மச்சான் உச்சியில மாட்டிக்கிட்டாரு. அது நான் வேணும்னு செஞ்சதில்ல.

சவரிமுத்து வந்து, "அண்ணாச்சி, இத்தன வருசமா இப்பிடித்தானே சுத்துச்சு?"ன்னாரு. "இத்தன வருசமா நான் உள்ள இருந்தேன்"னு சொன்னேன். சரியான பதில்தானே? அவரு போயி மச்சானக் கீழ எறக்கி விட்டாரு.

எங்க தெரு ஆளுக மொதல்ல நம்பல. மறுநாளு காலையில எங்க தெருவுல காளியப்பத் தாத்தா செத்துப் போனாரு. அதுக்கப்புறம் நம்புனாக. வயசா? தொண்ணூத்தி நாலு. அதுக்காக? ராட்டினம் ஒழுங்காச் சுத்திருந்தா தொண்ணூத்தி அஞ்சு பாத்திருப்பாருல்ல?

தெருவே தெரண்டு போயிக் கேட்டோம். சவரிமுத்து தங்கமான மனுசன். மோட்டாருல வயரு ரெண்டையும் மாத்திக் குடுத்தாரு. சாயங்காலம் பாத்தா, வலமாச் சுத்துது. அழகா, பதினாறு பொட்டியும் டியூப்லைட்டுமா. நான் நாலு பேருக்கு டீ வாங்கிக் குடுத்தேன். டீ ஆறல, அதுக்குள்ள வடக்குத்தெருவுல இருந்து சத்தம். "ஏய், ராட்டினம் இடமாச் சுத்துதுடா! எங்க தெரு என்ன சுடுகாடா?"ன்னு.

பாருங்க தம்பி அநியாயத்த. நேத்து வரைக்கும் வாயத் தொறக்காதவய்ங்க. எங்களுக்கு வலமா மாத்துன ஒடனே அவய்ங்களுக்கு இடமாப் போச்சாம். இத எவனாவது நம்புவானா? எங்க மேல உள்ள பொறாமை. வேற என்ன சொல்றது?

என்ன, சிரிக்கிறீக? இல்ல, சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

பேச்சுவார்த்தை நடந்துச்சு. அம்மன் கோயிலுக்கு முன்னாடி ரெண்டு தெருவும் உக்காந்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஒத்தத் தேதியில எங்களுக்குச் சுத்தணும். ரெட்டத் தேதியில அவய்ங்களுக்கு. கையெழுத்துக் கூடப் போட்டாச்சு. மறுநாளு பங்குனி ஏழு. ஒத்தத் தேதி. எங்களுக்குச் சுத்தச் சொன்னோம். வடக்குத்தெருக்காரய்ங்க வந்து, இன்னைக்கு மார்ச்சு இருபது, ரெட்டத் தேதி, எங்களுக்குத்தான்னாய்ங்க. சாமி காரியத்துக்கு எவனாச்சும் இங்கிலீசுத் தேதி பாப்பானா? அரிசி மில்லுல பாங்குக் காலண்டரு தொங்குது, அதப் பாத்துட்டு வந்து பேசுறாய்ங்க. அன்னைக்குப் பூராவும் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா வயர மாத்தி மாத்திச் சவரிமுத்துக்குக் கையே கருத்துப் போச்சு. பொட்டியில இருந்த சனம் எந்தப் பக்கம் வாந்தி எடுக்கிறதுன்னு தெரியாம முழிச்சுச்சு.

அதுக்கு அடுத்த நாளு பங்குனி எட்டு, மார்ச்சு இருபத்தொண்ணு. எங்க கணக்குப்படி அவய்ங்க நாளு. அவய்ங்க கணக்குப்படி எங்க நாளு. ரெண்டு பேரும் எங்களுது இல்லன்னு வீட்டுக்குள்ள உக்காந்துட்டோம். ராட்டினம் அன்னைக்குச் சுத்தவே இல்ல. லைட்ட மட்டும் போட்டு வச்சிருந்தாரு. எஸ்.ஐ. வந்து கேட்டாரு, என்னய்யா பிரச்சினைன்னு. சொன்னோம். அவரு தொப்பியக் கழட்டித் தலையத் தடவிக்கிட்டே ஜீப்புல ஏறிப் போயிட்டாரு.

சவரிமுத்து ஒரு யோசனை சொன்னாரு. "அண்ணாச்சி, ராட்டினத்தக் கழட்டிப் படுக்கப் போட்டாத்தான் ரெண்டு தெருவுக்கும் வலமாச் சுத்தும்"னு. எனக்கு நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. செய்யுங்கன்னேன். அவரு என்னமோ தலையில அடிச்சுக்கிட்டாரு. சொன்னவரே பின்வாங்குனா நான் என்ன செய்ய?

இதுக்கு நடுவுலதான் எந்தங்கச்சி வந்தா.

இங்கதான் ஒரு விசயம் சொல்லணும். சீனியம்மா எனக்கு ஒரே தங்கச்சி. அப்பா இல்லாத பிள்ளைய நான்தான் கட்டிக் குடுத்தேன், சைக்கிளு பின்னாடி வச்சுப் பள்ளிக்கூடத்துல விட்டதும் நான்தான். அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சு ஒரு பொம்பளப்பிள்ள. சண்முகக்கனி. அந்த வருசம் அதுக்கு மூணு வயசு. பொங்கலு கடைசி நாளு கோயில்ல வச்சுக் காது குத்துறதா இருந்துச்சு. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும்? மாமன்னு நான் ஒருத்தன்தான். கம்மலு வாங்கிட்டேன். பூப்போட்ட குட்டிக் கம்மலு. பச்சைக் கல்லு.

அவ நேரா என் கடைக்குள்ள வந்து, மாட்டியிருந்த ஒரு சைக்கிள் வீல எடுத்துக்கிட்டு, பொட்டல் நடுவுல போயி நின்னா. ரெண்டு தெருவும் பாக்குது. அச்ச ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, சுத்தி விடு"ன்னா. சுத்தி விட்டேன். "உனக்கு எப்பிடிச் சுத்துது?" வலமான்னேன். "எனக்கு இடமாச் சுத்துது. இப்ப நீ இங்கிட்டு வந்து நின்னு பாரு"ன்னா.

நான் எதுக்கு அங்கிட்டுப் போகணும்? கேக்குறேன் தம்பி, நீங்களே சொல்லுங்க. வீலு என் கடை வீலு. சுத்தி விட்டது நானு. ஊரே பாக்கையில நான் எதுக்கு எந்தெருவ விட்டுட்டு அவய்ங்க பக்கம் போயி நிக்கணும்? "நீ கல்யாணமாகிப் போனதுல இருந்து அந்தப் பக்கமாத்தான் பேசுற"ன்னு சொன்னேன். அவ மொகம் வாடிப் போச்சு. வீல மண்ணுல போடல. மெதுவாச் சாய்ச்சு வச்சா. "ஒரு எட்டு, அண்ணே. ஒரு எட்டு எடுத்து வச்சு வந்து பாரேன்"னா.

எனக்குக் கோவம். கோவம் வந்தா என்ன செய்யிறோம்னு தெரியுதா? நேரா சன்னதிக்குப் போனேன். பூசாரிட்ட சூடத்தக் கொளுத்தச் சொல்லி, கையால அடிச்சு அணைச்சேன். "ராட்டினம் வலமாச் சுத்துற வரைக்கும் இந்தப் பொட்டல மிதிக்க மாட்டேன்"னு சத்தியம். அணைச்சதுக்கப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு, கோயிலும் பொட்டல்லதான இருக்குன்னு. காது குத்துறதும் அங்கதான. ஆனா அணைச்ச சூடத்தத் திரும்பக் கொளுத்த முடியுமா?

அன்னைக்கே சவரிமுத்து ராட்டினத்தக் கழட்டி லாரியில ஏத்திட்டாரு. மீதித் திருவிழா ராட்டினம் இல்லாமலே முடிஞ்சுது. அதுல இருந்து ஒம்பது வருசமா எங்க ஊருக்குக் குடை ராட்டினம்தான். மரக்குதிரை, கோழி, வாத்து. படுத்துக்கிட்டுச் சுத்துறது. ரெண்டு தெருவுக்கும் வலமாத்தான் சுத்துச்சு, மறுக்கல. ஆனா வாத்து மேல உக்காந்து சுத்துறதெல்லாம் ஒரு ராட்டினமா? அது வலமாச் சுத்துனா என் சத்தியத்துக்குக் கணக்கு இல்ல. நான் சொன்னது பெரிய ராட்டினம்.

கடைசி நாளு காது குத்து நடக்கல. வேற யாராவது மாமன் மொறைக்கு உக்காரட்டும்னு வடக்குத்தெருவுல சொன்னாகளாம். சீனியம்மா, "எங்கண்ணன் உசுரோட இருக்கையில எம்பிள்ள இன்னொருத்தன் மடியில உக்காராது"ன்னுட்டாளாம். அவளுக்கு ரொம்பப் பிடிவாதம் தம்பி. யாருகிட்ட இருந்து வந்துச்சோ, தெரியல. அந்த வருசம் இல்ல, அடுத்த வருசம் இல்ல. பிள்ளைக்குப் பன்னெண்டு வயசு ஆகுது. ஏழாப்பு படிக்கிது. காதுல ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கமும் மூளியா.

நான் பாக்கலன்னு நெனைக்கிறீகளா? பொட்டலப் பாத்த சன்னல மொத வருசமே செங்கல் வச்சு அடச்சுட்டேன். ஆனா பிள்ள பள்ளிக்கூடம் போறது என் கடை வழியாத்தான். தலைய வாரி ரெட்டச்சடை போட்டு, ரிப்பன் கட்டி, காது மட்டும் வெறுமனே போகும். கூடப் போற பிள்ளைக கேலி பண்ணும். எனக்குக் கேக்கும். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு டியூப உரசிக்கிட்டிருப்பேன். ஒரே டியூப அரை மணி நேரம் உரசிருக்கேன்.

என் பொண்டாட்டி பேச்சியம்மா இருக்காளே, அவ ஒரு நாளும் சீனியம்மா வீட்டுக்குப் போறத நிப்பாட்டல. பொட்டல் வழியா விறுவிறுன்னு நடந்து போவா, கொழம்பக் குடுப்பா, கருவாட்டக் குடுப்பா, வருவா. "நானா சூடத்த அணைச்சேன்?"ம்பா. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறா. தெரியும். கொழம்புல உப்பு கொறச்சலா இருந்தா, அது மச்சானுக்குப் பிரசர்னு தெரிஞ்சுக்குவேன்.

இந்தப் பாவாடையும் அவதான் எடுத்தா. அளவு எப்பிடித் தெரியும்னு கேட்டேன். கண்ணளவுங்கிறா.

போன வாரம் கடையில உக்காந்திருக்கேன். ஒரு லேடீஸ் சைக்கிளு வந்து நிக்கிது. "மாமா, பஞ்சரு." நிமிந்தா, சண்முகக்கனி. என்கிட்ட மொதத் தடவையாப் பேசுது. டயரக் கழட்டி, டியூப எடுத்துத் தண்ணித் தொட்டியில முக்குனேன். ஒரு குமிழு வரணுமே? வரல. திருப்பி முக்குனேன். பஞ்சரே இல்ல தம்பி! காத்த எறக்கி விட்டுட்டு உருட்டிக்கிட்டு வந்திருக்கு.

டியூப மாட்டிக் காத்தடிச்சு வீலச் சுத்தி விட்டுப் பாத்தேன். அது எதுத்த பக்கம் குத்த வச்சு உக்காந்துக்கிட்டு, கம்பிக்கு ஊடால என்னையப் பாக்குது. "மாமா, இந்த வருசம் சவரிமுத்துத் தாத்தா பெரிய ராட்டினம் கொண்டாராரு. எந்தப் பக்கம் சுத்துதுன்னு யாரும் கேக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்தாத்தான் வருவேன்னாராம். எங்கப்பா எழுதிக் குடுத்துட்டாரு." நான் வீல இன்னொருக்காச் சுத்தி விட்டேன். "சூடத்துல நீங்க என்ன சொன்னீக மாமா?"ன்னுச்சு. சொன்னேன், ராட்டினம் வலமாச் சுத்துற வரைக்கும்னு. "எங்க நின்னு பாத்தான்னு சொன்னீகளா?"

யோசிச்சேன். சொல்லல தம்பி. சத்தியமா அத நான் சொல்லவே இல்ல.

"அப்ப எங்க தெருவுல நின்னு பாருங்க. வலமாச் சுத்தும். சுத்திருச்சுன்னா உங்க சத்தியம் முடிஞ்சது. மறுநாளு கோயில்ல வந்து உக்காருங்க. எனக்குக் காது வேணும் மாமா."

காது வேணும்னுச்சு. கம்மலு வேணும்னு கூடச் சொல்லல.

புத்திசாலிப் பிள்ள. எங்க வம்சம். நான் வர்றேன்னு தலைய மட்டும் ஆட்டுனேன். வீலு நிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டிருந்தோம்.

இந்தா, இது அந்தக் கம்மலுதான். பாருங்க. கடையில பேரிங்கு குண்டு போட்டு வைக்கிற கிரீசு டப்பாவுக்கு அடியில வச்சிருந்தேன், யாரும் தேட மாட்டாகன்னு. மண்ணெண்ணெய்ல கழுவி, சோப்புப் போட்டு, பொடி போட்டுத் தொடச்சேன். இன்னும் லேசாக் கிரீசு வாடை வருதோ? மூணு வயசுப் பிள்ளைக்கு வாங்குனது. பன்னெண்டு வயசுக் காதுக்குச் சின்னதாத் தெரியும். தெரியட்டும். குத்துறதுக்கு இதுதான். பெருசு பெறகு வாங்கிக்கலாம். நாளைக்குக் காலையில ஆசாரி வர்றாரு. என் மடியில உக்கார்ற வயசா அதுக்கு இப்ப? கால் மரத்துப் போகும். போனாப் போகுது.

இருங்க, ஊரு வந்திருச்சு. அந்தா லைட்டு தெரியுதா? அதான். பதினாறு இல்ல, இருபத்தி நாலு பொட்டியாக்கிட்டாரு சவரிமுத்து. தம்பி, கொஞ்சம் அந்தச் சன்னல்ல இருந்து நகருங்க. எப்பிடிச் சுத்துது? எனக்குக் கண்ணு மறைக்கிது, வேர்வையா என்னன்னு தெரியல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, கடிகாரம் மாதிரியா? கடிகாரம் மாதிரியா சுத்துது?

வலமா! பாத்தீகளா? நான் சொன்னேன்ல! ஒம்பது வருசம் கழிச்சு ஒழுங்காச் சுத்த விட்டிருக்காய்ங்க. நான் ஒருத்தன் ஒத்தக் கால்ல நின்னதாலதான் இது நடந்துச்சு, ஆனா ஒருத்தனும் சொல்ல மாட்டான். வெறும் பொட்டியா ஓடுது பாருங்க, வெள்ளோட்டம் விடுறாக. மொதச் சுத்துக்கு ஆளு ஏறல. மொதப் பொட்டியில மாமனும் மருமகளும் உக்காரணும்னு மச்சான் சொல்லிட்டாராம், பேச்சியம்மா காதுல போட்டா. அவரு தேங்காயக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அவருக்கு ஏற வேண்டாம்னு சந்தோசமா இருக்கும். நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். பொட்டியில உக்காந்துட்டா எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரியாது தம்பி. மேல போகும், கீழ வரும்.

அந்தா நிக்கிறாளே ஸ்டாப்புல, அரக்குச் சேலை, அவதான் சீனியம்மா. தலையெல்லாம் இப்பிடியா நரைச்சுப் போச்சு? என்னைய விட ஒம்பது வயசு சின்னவ. இருநூறு எட்டுல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியலையே தம்பி. பேச்சியம்மா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.

கண்டக்டரே, எறங்கணும். பையக் குடுங்க. வர்றேன் தம்பி.

ஒண்ணு மட்டும், யாருட்டயும் சொல்லாதீக. சத்தியம் முடிஞ்சுது, சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் பொட்டல் வழியாத்தான் நடந்து போவேன். ராட்டினத்தத் தாண்டி எங்க தெருப்பக்கம் போனதும், நான் நிமிந்து பாக்க மாட்டேன். குனிஞ்ச தலையோட வீட்டுக்குப் போயிருவேன்.